சடை பின்னிய சம்மனசுகள்

1998 மே மாதம் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. மே தினம் என்பதால் நான் டைப்பிஸ்டாக இருந்த வக்கீல் அலுவலகத்துக்கு விடுமுறை. இருந்தாலும் வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன். குழாயில் தண்ணீர் பிடித்தேன். வாசல் தெளித்தேன். பால் காய்ச்சினேன். அம்மாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, வழிந்ததைப் பழைய துணியால் ஒற்றி எடுத்து, ஊசியில் நூல் கோத்து வைத்தேன். காலைக்குக் கேப்பைக் கூழ், தொட்டுக்கொள்ள முந்திய நாள் கருவாட்டுக் குழம்பு.

என் டைரியில் அன்றைய பக்கம் இவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் 'கரண்ட் இல்லை' என்கிறது. அன்று நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம்.

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையைத் தெரியும். இன்று புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது அம்மாவின் தையலறை. அம்மா ரவிக்கையும் பாவாடையும் தைப்பாள். ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கித் தந்தது கோயில் வேலை. பீடத் துணி, பங்குச் சாமியார் உடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் திருவிழாக் கொடி. சுற்றுவட்டாரத்தில் எந்த மாதா கோயில் திருவிழா என்றாலும் ஏறுகிற கொடியில் அம்மாவின் கைவேலை இருக்கும்.

கூட வேலை செய்தது மும்தாஜ் அக்கா. கோட்டக்குப்பத்துப் பெண், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர். படம் வரைந்து கொடுப்பது என் தங்கை ஸ்டெல்லா. கல்லூரியை முடித்துவிட்டு அப்போது வீட்டில் இருந்தாள்.

அன்று சாயந்திரம் பிரம்மதேசம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் மாதா திருவிழாக் கொடியேற்றம். வெள்ளைச் சாட்டின் துணியின் நடுவில் மாதா உருவம் ஏற்கெனவே தைத்து முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு விளக்கோடு நிற்கிற இரண்டு சம்மனசுகள் மட்டும் பாக்கி. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவதூதரைச் சம்மனசு என்போம். அம்மா அவற்றின் அச்சைத் துணியில் இறக்கிவிட்டு எழுந்தபோது கரண்ட் வந்தது. ட்யூப் லைட் இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

அம்மா தரையில் விரித்திருந்த துணியைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏண்டி ஸ்டெல்லா," என்றாள். குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "யாருடி இவ?"

சவூதியிலிருந்து வந்தவள்

அவள் யார் என்று சொல்ல ஒரு வருடம் பின்னால் போக வேண்டும்.

மும்தாஜ் அக்காவின் கணவர் சவூதியில் வேலையில் இருந்தார். லீவில் வந்தவர் ஒரு டி.வி. கேம் கொண்டுவந்தார். ஒயரால் டி.வி.யோடு இணைக்கிற சாம்பல் நிறப் பெட்டி. அதன் தலையில் செருகுகிற தடித்த வில்லையை நாங்கள் கேசட் என்றோம். இருந்தது ஒரே கேசட். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் யாருக்கும் புரியாத எழுத்து.

"அரபியாக்கா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"அரபியா இருந்தா நான் படிக்க மாட்டேனா? இது சைனாவோ ஜப்பானோ, எவன் கண்டான். எங்க வூட்ல எந்நேரமும் கொழுந்தன் கிரிக்கெட்டு பாத்துக்கினு இருக்கான். டி.வி. பக்கத்துல போனாலே பேஜாரு. இது இங்கியே கெடக்கட்டும்."

அப்படித்தான் அந்தப் பெட்டி எங்கள் கறுப்பு வெள்ளை டி.வி.க்கு மேல் குடியேறியது.

ஆட்டம் தண்ணீரில் மூழ்கிய ஒரு கோட்டைக்குள் நடந்தது. கையில் விளக்கு, இடுப்பில் கத்தி, முதுகில் போர்வை, முழங்கால் வரை ஒற்றைச் சடை. இப்படி ஒரு பெண் உள்ளே இறங்கிப் போவாள். விளக்கின் வெளிச்சம் படுகிற வட்டம் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. அவள் தலைக்கு மேல் மீன்கள் போகும். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் திரையின் அடியில் கட்டம் கட்டி எழுத்து ஓடும். ஒன்றும் புரியாது. ஸ்டெல்லா அவளுக்கு ஜோதி என்று பெயர் வைத்தாள்.

விளையாட்டு வந்தது எனக்குத்தான். டைப் அடித்துப் பழகிய விரல். எந்தப் பள்ளத்தை எப்போது தாண்ட வேண்டும், எந்தத் தூணுக்குப் பின்னால் விலாங்கு ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஜோதியை நடத்துகிற பொத்தான் கட்டையை நாங்கள் ரிமோட் என்போம்; ஸ்டெல்லா அதைத் தொட்டால் ஜோதி முதல் பள்ளத்திலேயே விழுவாள். அவளுக்கு ஜோதியைப் பார்ப்பதில்தான் கவனம்; நடத்துவதில் இல்லை.

கோட்டையின் ஆழத்தில் ஒரு பெரிய கதவு. அதன் முன்னால் ஜோதி போய் நின்று விளக்கை உயர்த்துவாள். போர்வை விரியும், சடை ஒரு பக்கமாக ஆடி விலகும். அவ்வளவுதான். படம் அப்படியே நின்றுவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. இசையும் ஒரே சுருதியில், மாவு மில் ஓடுவதுபோல் நின்று ஒலிக்கும்.

முதல் தடவை அப்படி நின்றபோது நாங்கள் கை தட்டினோம். ஆட்டம் முடிந்தது, இதுதான் கடைசிப் படம் என்று நினைத்தோம். கேசட்டில் கோளாறு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு கோளாறு அவ்வளவு அழகாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

கண்ணாடியில் ஒட்டிய தாள்

நடக்கிறவளை வரைய முடியாது. நிற்கிறவளை வரையலாம். அதனால் ஸ்டெல்லாவுக்கு அந்தக் கதவு தேவைப்பட்டது.

நான் ஜோதியைக் கதவுவரை கொண்டுபோய் நிறுத்துவேன். ஸ்டெல்லா அம்மாவின் ட்ரேசிங் பேப்பரில் ஒரு துண்டை எடுத்து டி.வி. கண்ணாடிமேல் வைப்பாள். பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. டி.வி.யின் மின்சாரம் தாளை இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். அவள் கை மயிர் சிலிர்த்து நிற்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலிருந்து பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். தாளின் வழியே ஜோதி மங்கலாகத் தெரிவாள். பென்சில் அவள் நெற்றியில் தொடங்கும்.

எங்கள் டி.வி.யின் கண்ணாடி வயிறு தள்ளியது. அதன்மேல் வரைந்த தாளைத் தரையில் வைத்தால் ஜோதியின் கன்னம் கொஞ்சம் அகலமாக இருக்கும். ஆட்டத்தில் ஒடிசலான அந்நியப் பெண்ணாக இருந்தவள் தாளில் இறங்கும்போது எங்கள் தெருவில் பால் வாங்க வருகிற பெண்களில் ஒருத்தியாகிவிடுவாள்.

எத்தனையோ நாள் பாதி வரைந்திருக்கும்போது கரண்ட் போகும். திரை நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி ஜோதி மறைவாள். ஸ்டெல்லாவின் பென்சில் அவள் தோளில் நிற்கும், தோள் இருக்காது. நான் மறுபடி முதலிலிருந்து, முதல் பள்ளத்திலிருந்து, அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நான் சலித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அந்தக் கதவின் முன் விளக்கைத் தூக்கும்போது நான் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுப் பார்ப்பேன். யாரோ எங்கோ கடல் கடந்து செய்த ஒரு பெண், எங்கள் வீட்டு முன்னறையில், நான் கூப்பிட்டால் வருகிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவ சாப்பிட்டாளா?

எழுத்துப் புரியாததால் கதையை நாங்களே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்டெல்லா தினமும் ஒரு பகுதி எழுதி, நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் தையலறையில் வாசிப்பாள். மூழ்கிப்போன ஊரில் இன்னும் ஜனங்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் தெரியாததால் வெளியே வர வழி தெரியவில்லை. ஜோதி அவர்களைக் கூட்டிவரப் போகிறாள். இது ஸ்டெல்லாவின் கதை.

கதவுக்குப் பின்னால் என்ன என்பதில் மட்டும் தினமும் சண்டை.

"அவ வூட்டுக்காரன்தான்," என்பார் மும்தாஜ் அக்கா, பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே. "கதவத் தொறந்தா பெட்டியும் கையுமா நிப்பான். லீவு குடுக்காம புடிச்சி வெச்சிருக்கானுங்க."

"தண்ணிக்கு அடியிலயாக்கா வேல?"

"எங்க வேல குடுத்தாலும் போறானுங்களே."

நான் கணக்குப் பார்க்கிற ஆள். "முந்தாநாள் விளக்குல எண்ணெய் தீந்துடுச்சின்னு எழுதின. இன்னிக்கு எப்படி எரியுது?" என்பேன். ஸ்டெல்லா முறைத்துவிட்டு அங்கேயே ஒரு எண்ணெய்ச் செட்டியாரைக் கதைக்குள் கொண்டுவருவாள்.

அம்மா இந்தக் கூத்தில் சேருவதில்லை. மெஷின் சத்தத்துக்குள் எதுவும் காதில் விழாததுபோல் மிதிப்பாள். ஆனால் ஒவ்வொரு பகுதியும் முடியும் இடத்தில் மெஷின் சற்று நிற்கும்.

"அவ சாப்பிட்டாளா?"

அந்த ஒரு கேள்விதான். எவ்வளவு பெரிய சண்டை, எவ்வளவு பெரிய சுறா என்றாலும் அம்மாவுக்கு அது தெரிந்தாக வேண்டும். ஆகவே ஸ்டெல்லா ஒவ்வொரு பகுதியிலும் ஜோதிக்கு ஒரு வேளைச் சாப்பாடு வைத்தாள். ஆட்டத்தில் வழிநெடுக நடுவில் இடுப்பு ஒடுங்கிய சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கும். ஜோதி பொறுக்கிக்கொண்டே போவாள். எங்கள் டி.வி.யின் புள்ளிகளுக்குள் அவை நாங்கள் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மாதிரியே தெரிந்தன. அவித்த மல்லாட்டை என்று முடிவு செய்தோம். ஜோதி மடி நிறைய மல்லாட்டையோடு கோட்டைக்குள் போனாள்.

நீலப் புள்ளிகள்

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

துணியில் படம் இறக்குகிற முறை இதுதான். ட்ரேசிங் பேப்பரில் படம் வரைந்து, கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் துளை போட வேண்டும். அந்தத் தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் நீலப் பொடியைக் கரைத்து, பஞ்சில் தோய்த்துத் தேய்த்தால், துளை வழியே புள்ளி புள்ளியாகப் படம் துணியில் இறங்கும். தாளைத் திருப்பிப் போட்டால் அதே படம் மறுபக்கம் பார்க்கும். அதனால் மாதாவின் இரு பக்கச் சம்மனசுக்கும் ஒரே தாள் போதும்.

துளை போட்ட தாள்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அம்மா எப்போதும் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள். அன்று கரண்ட் இல்லை. வெள்ளைத் துணியில் தெருப்புழுதி படியக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தியிருந்தாள். சம்மனசு என்று எழுதியிருந்த சுருளை எடுத்தாள், விரித்தாள், தேய்த்தாள், திருப்பினாள், தேய்த்தாள்.

அந்தச் சுருளுக்குள் முதல் தாளாகச் சுற்றியிருந்தது ஜோதி. ஸ்டெல்லா அவளைப் பெரிதாக்கி வரைந்து, முந்திய நாள் துளை போட்டு முடித்து அங்கே ஒளித்து வைத்திருந்தாள். 'டி.வி. பொம்மைக்கெல்லாம் ட்ரேசிங் பேப்பரா?' என்று அம்மா ஏற்கெனவே திட்டியிருந்ததால்.

"எதுக்குடி துளை போட்ட?" என்று அம்மா கேட்டாள்.

"தலகாணி உறையில தைக்கலாம்னும்மா."

"தலகாணி உறையில அவ என்னாத்துக்கு?"

ஸ்டெல்லா அழ ஆரம்பித்திருந்தாள். "கரண்ட் போனா அவ போயிடறாம்மா. துணியில இருந்தா போக மாட்டா."

அம்மா எழுந்தாள். டி.வி. மேலிருந்த பெட்டி, ஒயர், கேசட், ரிமோட் எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டித் துண்டில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதைக் காலையிலேயே வேலைக்கு வந்திருந்த மும்தாஜ் அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"போறப்ப எடுத்துக்கினு போயிடு மும்தாஜ். இனிமே இந்த வூட்ல பொம்மையும் இல்ல, கதையும் இல்ல."

பிறகு துணியருகில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளைச் சாட்டினில் நீலத்தைத் துடைத்தால் பரவும்; துவைத்தால் நடுவில் இருக்கிற மாதாவின் ஜரிகை கறுக்கும். வேறு துணி வாங்கலாம் என்றால் மே தினம், கடைகள் சாத்தியிருந்தன. வாங்கினாலும் மாதாவை மறுபடி தைக்க நேரமில்லை. நான்கு மணிக்குக் கொடியை வாங்கிப்போக அந்த ஊர் உபதேசியார் வந்துவிடுவார். கொடி இல்லாமல் கொடியேற்றம் நின்றால், அம்மாவிடம் இனி எந்தக் கோயிலும் கொடி கொடுக்காது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மும்தாஜ் அக்கா குந்தி உட்கார்ந்து துணியை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கா யம்மா. கையில வெளக்கு இருக்குது. முதுகுல இருக்கிறது றெக்க மாதிரியே விரிஞ்சிருக்குது. யாருக்குத் தெரியப் போவுது?"

"மாதாவுக்குத் தெரியும்," என்றாள் அம்மா.



நல்லவளா?

அம்மா துணியைத் தன் பக்கம் திருப்பிப் போட்டாள். பிறகு ஸ்டெல்லாவிடம் கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றி விசாரிக்கிற குரல்.

"இவ நல்லவளா?"

"நல்லவம்மா."

"எங்க போறா?"

"தண்ணில முழுவிப்போன ஊருக்கு. அங்க இருட்டுல இருக்கிறவங்கள வெளிய கூட்டிக்கினு வர்றதுக்கு."

"யாரு அனுப்பினாங்க?"

ஸ்டெல்லா விழித்தாள். ஒரு வருடமாக எழுதிய கதையில் அது இல்லை. "யாரும் அனுப்பலம்மா. அவளாவேதான் போறா."

"யாரும் அனுப்பாம போனா அது சம்மனசு இல்லடி. அனுப்பினாத்தான் சம்மனசு." அம்மா ஊசியை எடுத்தாள். "மாதா அனுப்பினாங்க. அப்படி எழுதிக்க."

நான் மும்தாஜ் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கதையே கிடையாது என்று மூட்டை கட்டியவள் கதையில் தன் முதல் வரியைச் சேர்த்துவிட்டாள்.

"இடுப்புல என்னாடி தொங்குது? கத்தியா?"

"ஆமாம்மா."

"கதவுக்கு முன்னால நிக்கிறான்னு சொல்லிக்கினு இருப்பீங்களே. கதவுக்குக் கத்தி எதுக்கு? சாவியாக்கு."

ஸ்டெல்லா பென்சிலால் கத்தியின் முனையில் பல் வைத்தாள், பிடியில் வளையம் வைத்தாள். கத்தி சாவியானது. போர்வையின் விளிம்பில் இறகு இறகாக வரைந்தாள். ஒரு வருடமாக நாங்கள் மூன்று பேரும் முட்டி மோதிய கதவுக்கு அம்மா போகிறபோக்கில் சாவி கொடுத்துவிட்டாள்.

சடையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீலப் புள்ளிகள் முழங்கால் வரை இறங்கியிருந்தன. தைத்துத்தான் மறைக்க வேண்டும். தைத்தால் அது சடைதான்.

அம்மா ஒரு சம்மனசை எடுத்துக்கொண்டாள், மும்தாஜ் அக்கா இன்னொன்றை. மும்தாஜ் அக்காவின் மெஷினை எதிரே நெருக்கிப் போட, ஒரே சாட்டினில் இரண்டு மெஷினும் ஓடின. நான் நூல் மாற்றிக் கொடுத்தேன். அம்மா சடையை மூன்று கால் பின்னலாகவே தைத்தாள். கறுப்பு நூலுக்கு நடுவில் ஒரு இழை பழுப்பு கொடுத்தாள். வெயில் ஏறி, சாய்ந்தது. அன்று மதியம் சாப்பிட்டதாக டைரியில் குறிப்பில்லை.

உபதேசியாரின் கேள்வி

உபதேசியார் மொபெட்டில் வந்து இறங்கினார். அந்த ஊர்க் கோயில் காரியங்களைக் கவனிக்கிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் வியர்வை.

"கொடி ரெடியாம்மா? மேளக்காரங்க வந்துட்டாங்க. ஜல்தி."

அம்மா கொடியின் ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறு நுனியைப் பிடித்தேன். விரித்தோம். உபதேசியார் முதலில் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கம்.

ஸ்டெல்லா நகர்ந்து மும்தாஜ் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "சம்மனசுக்குச் சடையா?"

"ஏன்?" என்றாள் அம்மா. "சம்மனசுன்னா தலைய விரிச்சிப் போட்டுக்கினுதான் வரணுமா? மாதாவுக்கு முன்னால வந்து நிக்கிற புள்ளைங்க. எண்ணெ வெச்சிப் பின்னிக்கினு வந்திருக்குதுங்க."

உபதேசியார் தாடையைத் தடவினார். அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு.

"அதுவும் சரிதான்," என்றார். "ஆனா பூ வெக்கலியே?"

அம்மா உடனே கொடியை என் கையில் கொடுத்தாள். "டீ போடுடி ஸ்டெல்லா. மும்தாஜ், அந்தக் கனகாம்பரக் கலர் நூலு எங்க?"

உபதேசியார் டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு சடையிலும் கனகாம்பரம் ஏறிவிட்டது.

விழுப்புரத்தில் பார்த்தது

கொடி ஏறுவதற்கு முன் ஒரு விலகல். இதை இங்கே சொல்லாவிட்டால் வேறெங்கும் சொல்ல இடமில்லை.

பல வருடம் கழித்து, ஸ்டெல்லா விழுப்புரத்தில் டிராயிங் டீச்சராக இருந்தாள். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் கொடுத்தால் அதே மாதிரிப் படங்களைத் தேடித் தருகிற வசதி வந்திருந்தது. கோட்டக்குப்பத்துக்கே திரும்பிவிட்ட மும்தாஜ் அக்கா பீரோவுக்குள் வைத்திருந்த கேசட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். ஸ்டெல்லா அதைக் கம்ப்யூட்டரில் கொடுத்தாள்.

ஜோதி வந்தாள். ஒருத்தியாக அல்ல. திரை நிறைய. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தாள். பென்சிலில், வண்ணத்தில், களிமண்ணில், நிட்டிங் நூலில். உலகத்தில் எங்கெங்கோ யார் யாரோ உட்கார்ந்து எங்கள் ஜோதியை வரைந்திருந்தார்கள். அவளுக்குக் கதை எழுதியிருந்தார்கள். திண்டிவனத்தில் நாங்கள் நான்கு பேர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஸ்டெல்லா மவுஸிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

போர்வை சிவப்பு. சடை பச்சை. இருவரும் ஒரே நேரத்தில் "பச்சையா?" என்றோம். மல்லாட்டைகள் மல்லாட்டை இல்லை, சின்னச் சின்ன மணிகள். கதவு கடைசி இல்லை; நல்ல கேசட்டில் அது திறக்கிறது, அதற்குக் கீழே படிக்கட்டு, இன்னும் கீழே இன்னொரு கோட்டை. நாங்கள் முடிவு என்று கை தட்டியது பாதி வழிகூட இல்லை. அதனால்தானோ என்னவோ, அத்தனை படத்திலும் அவள் நடந்தாள், குதித்தாள், நீந்தினாள். கதவுக்கு முன்னால் விளக்கைத் தூக்கி நிற்கிற ஜோதியை ஒருவரும் வரைந்திருக்கவில்லை.

ஸ்டெல்லா அன்றே உட்கார்ந்து அதை வரைந்தாள். சிறகு, சாவி, கறுப்புச் சடை, கனகாம்பரம். அந்தப் படங்கள் இருந்த ஒரு இணையதளத்தில் போட்டாள். எங்கிருந்தோ யாரோ ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள்: ஏன் சிறகு? 'எங்கள் ஊரில் அவளுக்குச் சிறகு உண்டு' என்று ஸ்டெல்லா பதில் எழுதினாள்.

சில நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. "அக்கா, ஒருத்தி வரைஞ்சிருக்கா. எந்த நாடுன்னு தெரியல. ஜோதிக்கு றெக்க போட்டிருக்கா." கிளிக் என்று மவுஸ் சத்தம் கேட்டது. "சடையில பூ வெச்சிருக்காக்கா."

காற்று

கொடி ஏறுவதை நாங்கள் நால்வரும் கூடவே போய்ப் பார்த்தோம். அம்மா வேறு எந்தக் கொடிக்கும் அப்படிப் போனதில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை அவளால். மும்தாஜ் அக்கா மூட்டையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். "ராத்திரிக்கு எடுத்துக்கினா ஆச்சு," என்றார்.

கொடி தெருத்தெருவாகப் பவனி போனது. சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மேளம், வேட்டு. கயிற்றை இழுத்தார்கள். கொடி கம்பத்தில் ஏறியது. உச்சியில் போய் நின்றது.

விரியவில்லை. காற்றே இல்லை. கம்பத்தைச் சுற்றிக்கொண்டு துண்டுபோல் தொங்கியது. ஜனங்கள் கை கூப்பியபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் உதடுகள் அசைந்தன. செபம் சொன்னாளா, மாதாவிடம் சாக்குச் சொன்னாளா தெரியாது. ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் நான் அறிந்த ஒரு பயம். பாதி வரைந்திருக்கும்போது கரண்ட் போகுமோ என்று பார்க்கிற பயம்.

மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று எழும்பியது. முதலில் பனை ஓலைகள் சலசலத்தன. பிறகு கொடி ஒரு தரம் உதறிக்கொண்டது. விரிந்தது.

நடுவில் மாதா. இரு பக்கமும் ஜோதி. சாயந்திர வெயில் சாட்டினுக்குப் பின்னால் விழுந்து துணி முழுதும் எரிகிற மாதிரி ஆனது. விளக்குகள் எரிந்தன. காற்றின் ஒவ்வொரு அலைக்கும் சிறகு மடங்கி விரிந்தது. முழங்கால்வரைச் சடை இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. ஒரு வருடமாகக் கதவுக்கு முன்னால் கல்லாக நின்றவள்.

"மரியே வாழ்க!" என்று ஊரே குரல் கொடுத்தது. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண், எனக்கு முன்பின் தெரியாதவள், கன்னத்தில் போட்டுக்கொண்டு தன் மகளிடம் சொன்னாள்: "பாரு, சம்மனசுகூட எப்படிச் சிங்காரிச்சுக்கினு வந்திருக்குது."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மேலேயிருந்து எடுக்காமல் கேட்டாள்.

"அக்கா, ரிமோட் உங்கையில இல்லியே?"

கையை விரித்துக் காட்டினேன்.

அம்மா கொடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி வேனில் திரும்பினோம். மும்தாஜ் அக்கா எங்கள் வீட்டுக்குள் வராமல் தெருமுனையிலேயே இறங்கி, அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மூட்டையை மறந்தாரா, மறந்ததுபோல் போனாரா என்று நான் கேட்டதில்லை.

மறுநாள் நான் எழுந்தபோது நேரமாகிவிட்டிருந்தது; குழாயடியில் குடம் காலியாக இருந்தது. பால் காய்ச்சியிருக்கவில்லை. முன்னறையில் அம்மா தரையில் உட்கார்ந்து வேட்டித் துண்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வா," என்றாள். "இத எங்க சொருவணும்? அவளக் கதவாண்ட கொண்டாந்து நிறுத்து."

"எதுக்கும்மா?"

"சட முனையில என்னா கட்டியிருக்கான்னு நேத்து புள்ளியில தெரியல. குஞ்சலமா, ரிப்பனா? நான் பாட்டுக்குக் குஞ்சலம் போட்டுட்டேன்." அவள் டி.வி.க்கு நேரே நகர்ந்து உட்கார்ந்தாள். "மாதாவுக்கு முன்னால நிக்கிற புள்ள. தப்பா இருக்கக் கூடாது."

ஸ்டெல்லாவை எழுப்பிவிட்டு, நான் கேசட்டைச் செருகினேன்.